ஹாலந்துப் பையனிடம் நியாயம் கேட்டது

குன்னம்,
ஆகஸ்ட் 2006

மரியாதைக்குரிய அரியலூர் மச்சான் அன்பழகன் அவர்களுக்கு வீரமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். உங்கள் தங்கைக்கு முழங்கால் வலி தேவலை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இன்ஜினியரிங்?" என்று காதுகுத்துப் பந்தியில் வைத்துக் கேட்டீர்களே, அதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். நிதானமாகப் படிக்கவும்.

மகள் தேவயானியின் காலேஜில் ஒரு பாடம். வெளிநாட்டு மாணவர்களோடு கம்ப்யூட்டர் வழியாகச் சேர்ந்து வேலை செய்து, அயலாரோடு பழகக் கற்றுக்கொள்ள வேண்டும். இவளுக்கும் ஒரு ஹாலந்துப் பையனுக்கும் சின்ன வெங்காயம் அழுகாமல் வைக்கும் பட்டறையைப் பற்றிய வேலை. அவன் ஒருநாள், "உன் பகுதி மோசம். ஒரு விவசாயியிடமாவது கேட்டாயா? திருத்தாவிட்டால் உன் பெயரை எடுக்கச் சொல்வேன்" என்று எழுதிவிட்டான். பெயரை எடுத்தால் பாடத்தில் பெயில். பிள்ளை சோறு தின்னாமல் அழுதது. வீட்டுப் பெண்ணை ஒருவன் அப்படிச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? பங்காளிகளோடு போய் நியாயம் கேட்போம். ராசாங்கம் அண்ணன், தம்பி அய்யாக்கண்ணு எல்லோரும் வெங்காயம் ஆய்ந்த கையோடு பஸ் ஏறி, பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தோம். கூட வந்த தேவயானி கம்ப்யூட்டரில் கூப்பிட, கேமராவில் பையன் தெரிந்ததும் அண்ணன், "ஏன்டா, எங்க வூட்டுப் புள்ளைய அழ வச்சுட்டு நீ என்னாத்தப் படிச்சுக் கிழிக்கப் போற?" என்று பிடித்தார். அய்யாக்கண்ணு துண்டை உதறி, "தைரியம் இருந்தா ஊருக்கு வாடா!" என்றான். நடுநடுவே தேவயானி, பட்டறைக்குக் காற்று எந்தப் பக்கம் வர வேண்டும், அடியில் என்ன போட வேண்டும் என்று எங்களைக் கேட்டாள். அந்தக் கோபத்திலும் விவரமாகச் சொன்னோம். எல்லாவற்றையும் அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, பையன் தலை நிமிராமல் எழுதினான். கடைசியில் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான் மச்சான்!

இவள் குழுதான் முதலிடம். ஹாலந்து வாத்தியாரே பாராட்டி எழுதியிருக்கிறார். பங்காளி பலம் கடல் தாண்டித் தெரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
வீரமுத்து

பின்குறிப்பு: ஒட்டுமுன் இதைப் படித்த தேவயானி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நாங்கள் திட்டியதில் ஒரு சொல்லும் ஹாலந்து போய்ச் சேரவில்லையாம். "அவன் கேட்ட விவசாயிங்க நேர்லயே வந்துட்டீங்க, விடுவனா? வெங்காய சேதிய மட்டும் சொன்னேன். அப்புறம், சித்தப்பா ஊருக்குக் கூப்பிட்டதையும் சொல்லிட்டேன்ப்பா. பொங்கலுக்கு வர்றானாம், சித்தப்பா வூட்லதான் தங்கறானாம்" என்கிறாள். அய்யாக்கண்ணுவிடம் இதை நீங்களே வந்து சொல்லிவிடுங்கள் மச்சான்.