முதுகு சார்

தாம்பரத்தில் முகத்தைப் பார்க்காமலே ஆளைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். எங்கள் லாட்ஜில் எட்டாம் நம்பர் அறையில் தங்கியிருந்த டிராயிங் மாஸ்டர். நாங்கள் வைத்த பெயர் முதுகு சார்.

அறுபதுகளின் கடைசி. அவர் அறைச் சுவர் முழுக்க முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய நாடகக்காரர்கள். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய புத்தகத்தைப் பார்த்து அவரே பென்சிலால் நகல் எடுத்தவை. கொக்கு மூக்கு முகமூடி போட்ட கிழவன், தொப்பை பெருத்த வாள்வீரன், இன்னும் பலர்.

"இவங்க யாரும் சாகலைப்பா. நம்ம தாம்பரத்துலதான் இருக்காங்க" என்பார்.

சிரித்தோம். ஒரு காலை மூன்றாம் நம்பர் அக்கவுண்டன்ட் குழாயடியில் குனிந்து சோப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "அந்தக் கிழவன்" என்றார் சார் மெதுவாக. அதே கூன், அதே விரல்கள். மறு வாரம் அக்கவுண்டன்டுக்கு அஸ்ஸாமுக்கு மாற்றல். அடுத்து மெஸ் சமையல்காரரை வாள்வீரன் என்றார். எட்டாம் நாள் அந்த மனுஷர் கரண்டியைக்கூடக் கழுவாமல் காணாமல் போனார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இப்படி ஒவ்வொரு படத்துக்கும் ஆள் அகப்பட்டு, மிச்சம் இருந்தது ஒரே படம். திரையை விலக்கிக்கொண்டு போகும் ஒரு நடிகனின் முதுகு. இடது தோள் சரிந்து, வலது கையில் தொப்பி. "இவன் மட்டும் யாருன்னு அகப்படல" என்று சார் ஒவ்வொருவர் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாட்ஜே பின்பக்கமாக நடக்கப் பழகியது. "அவருக்கு முதுக காட்னா அம்பேல்தான்ணா. எனுக்கு ரெண்டு கொயந்த கீது" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்த மெஸ் வேலு, சாம்பார் வாளியோடு படியில் உருண்டான். நான் நிலைப்படியில் மண்டையை இடித்துக்கொண்டது நாலு முறை. பயமில்லை என்று சொன்னால் பொய்.

ஒரு நாள் சார் நெஞ்சு ஆபரேஷனுக்காக வேலூர் கிளம்பினார். ஸ்டேஷன் வரை கூடப் போனேன். மேம்பாலப் படியில் அவர் ஏற, நான் கீழே நின்றேன். இடது கையில் டிரங்குப் பெட்டி. அந்தக் கனத்தில் தோள் சரிந்தது. வலது கையில் தொப்பி. சுவரில் பார்த்த அதே முதுகு.

கிளம்பும் ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். கூப்பிட்டேன். "சார், போகாதீங்க. அந்தப் படம்..."

"நான்தான். டெய்லர் கடையில ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல நின்னப்ப பார்த்தேன்." திரும்பாமலே சொன்னார். "ஆனா அவன் போறான்னு யாருப்பா சொன்னது? திரைக்கு அந்தாண்ட ஜனம் உக்காந்திருக்கு. அவங்களுக்கு அவன் வரான்."

இரண்டு படி ஏறிவிட்டு, "வரேன்" என்றார்.

அந்த வாரமே வேலூரிலிருந்து தந்தி வந்தது.

இன்றும் தாம்பரம் படிக்கட்டில் இடது தோள் சரிந்த முதுகு தென்பட்டால், ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்று முகத்தைப் பார்க்கிறேன். ஆள் வேறாகத்தான் இருக்கும். பரவாயில்லை, அவர் வருகிற பக்கத்தில் நிற்கத்தான் எனக்கு ஆசை.