உங்கள் இதழில் நான் இதுவரை செத்த விதங்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சகத்தாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் இங்கே சுகம், அதாவது உயிரோடு இருக்கிறேன். இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது, ஏனென்றால் உங்கள் விண்வெளிக் கதை, மாயக் கவிதை இதழைப் படிக்கிறவர்கள் யாரும் அதை நம்ப மாட்டேன் என்கிறார்கள். நான் உங்கள் எழுத்தாளரின் கணவன். மின்விசிறி, வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடை கீழே, வீடு மாடியில்.

என் மனைவி எழுதத் தொடங்கியபோது முதலில் சந்தோஷப்பட்டவன் நான்தான். அவளுடைய முதல் கதையை நீங்கள் 'வளரும் எழுத்தாளர்கள்' பகுதியில் போட்டதும் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன், கொடுத்த பிறகுதான் கதையைப் படித்தேன். பனிக் கிரகத்தில் ஒரு கணவன், வெளியே மழை வருகிறதா என்று பார்க்கக் கதவைத் திறக்கிறான், அவ்வளவுதான், ஆள் காலி. கதைதானே என்று விட்டுவிட்டேன். அடுத்தது கவிதை. அதில் நான் ஆவியாகிப் போனது அவளே விளக்கிச் சொல்லித்தான் தெரிந்தது. கவிதையில் சாவதில் ஒரு வசதி, அக்கம்பக்கத்தில் யாருக்கும் புரியாது.

நீங்கள் அவளை 'மூத்த எழுத்தாளர்கள்' பகுதிக்கு ஏற்றினீர்களே, அன்று பிடித்தது சனியன். வளர்ந்துகொண்டிருந்தபோது இரண்டே பத்தியில் என்னை முடித்தவள், மூத்ததும் ஏழு பக்கத்துக்கு இழுத்து இழுத்துச் சாகடிக்கிறாள். போன இதழில் கணவன் விண்கலத்தின் காற்று இயந்திரத்தைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறான், கையில் ஒரு ஸ்குரூ மிச்சம், 'கம்பெனிக்காரன் சும்மா வெச்சது' என்று பையில் போட்டுக்கொள்கிறான், முதலில் இயந்திரம் இருமுகிறது, பிறகு அவன் இருமுகிறான். ஐயா, நான் அப்படித்தான் சொல்வேன், அப்படித்தான் பையில் போடுவேன். இந்தத் தெருவுக்கே தெரியும்.

மறுநாளே பேக்கரிக்காரர் தன் வாஷிங் மெஷினைத் திரும்ப எடுத்துப் போக வந்துவிட்டார். "இன்னும் திறந்துகூடப் பாக்கலையே சார்?" என்றேன். "வேணாங்க. உங்க உசுரு இருக்கிற மெஷின்லயே ஸ்குரூவ மிச்சம் வெச்ச ஆளு நீங்க, என் மெஷின்ல எத்தனை வெப்பீங்களோ!" என்று தூக்கிக்கொண்டு போனார். மாமியாருக்கு போன் போட்டு முறையிட்டேன். "கதையிலதானே மாப்ள? அதையாவது அவ இஷ்டத்துக்குப் பண்ணட்டும்," என்றார். கடைசியில், ஏன் இப்படி என்னைச் சாகடிக்கிறாய் என்று மனைவியிடமே கேட்டேன். அவள் எழுதுகிற கையை நிறுத்தாமல், "அது நீங்க இல்லீங்க. அந்த ஆளு, பொண்டாட்டி கூப்பிட்டா ஒரே தடவைல வருவாரு. அது எப்படி நீங்களா இருக்க முடியும்?" என்றாள். நான் கீழே கடைக்கு வந்துவிட்டேன்.

ஆகவே, இனி அவள் கதை எதிலும் கணவன் சாகக் கூடாது என்று தாங்கள் பத்திரிகை விதியாகவே போட்டுவிட வேண்டும். கை கால் போனால் பரவாயில்லை, அனுசரித்துக்கொள்கிறேன். இது என் பிழைப்பு ஐயா.

தங்கள் இதழ் எல்லாக் கிரகங்களிலும் விற்கட்டும். சந்தாக்காரர்கள் நோய்நொடி இல்லாமல் வாழட்டும்.

பணிவுடன்,
இன்னும் சாகாத,
எழுத்தாளரின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அவள் புதுக் கதையைப் படிக்கக் கொடுத்தாள். விண்வெளியில் ஒரு வீடு, ஒரு பெண், ஒரு ஜன்னல், ஒரு டீ. யாரும் சாகவில்லை. முன்னும் பின்னும் புரட்டித் தேடிவிட்டு, "இதுல நான் எங்க?" என்று கேட்டேன். "சாகடிக்காதேன்னு நீங்கதானே நச்சரிச்சீங்க? அதான் இவளுக்குக் கல்யாணமே பண்ணி வைக்கல," என்றாள். ஐயா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். பழைய கதைகளில் கணவன் செத்த பிறகு ஒரு பக்கம் வருமே, அவன் மனைவி பழக்க தோஷத்தில் இரண்டு டீ போட்டுவிட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பாளே, அந்தப் பக்கத்தைக் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்து எடுத்துப் படிப்பேன். உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் சந்தா கட்டுகிறேன். இந்தப் புதுக் கதை வந்தால் தயவு செய்து திருப்பி அனுப்பிவிட்டு, எப்படியாவது என்னைக் கொல்லச் சொல்லுங்கள். இதில் அந்தப் பெண் டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள்.