குளிர்ச்சிப் பை

எங்கள் பாரங்கியா நகரில் வெயிலுக்கு அஞ்சுபவர் இல்லை. பாஸ்மோவுக்கு அஞ்சாதவரும் இல்லை. சூடான உடம்பில் சில்லென்று காற்றுப் பட்டால் வாய் கோணிப்போகும், அதுதான் பாஸ்மோ. இஸ்திரி போட்டவர் அன்று ஃபிரிட்ஜைத் திறக்க மாட்டார்.

பாஸ்மோவுக்கு மந்திரிக்கும் டோன் லிசிமாகோ ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்தார்: கணினிக்கும் பாஸ்மோ வரும்.

காலை ஏழு மணிக்கே அவர் வாசலில் வரிசை. ஆளுக்கொரு விளையாட்டுக் கணினி, ரொட்டிப் பெட்டி அளவில், இடுப்பில் குழந்தை மாதிரி. சிலர் போர்வை போர்த்தியிருந்தார்கள். கணினிக்கு.

பதினேழாவது ஆள் நான். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சூடான காற்று மேலே போகும் என்று முந்தின நாள்தான் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன்.

என் பெட்டி ஆட்டத்தின் இருபதாவது நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். சனிக்கிழமை இறுதிப் போட்டி. என் மாணவர் நால்வர், ஐந்தாவதாக நான். ஒரு பெட்டி அணைந்தாலும் அணி வெளியே. அந்த நால்வரும் எட்டு மாதம் உழைத்து வந்திருந்தார்கள்.

டோன் லிசிமாகோ பெட்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பெட்டிக்கு நெற்றி ஏது என்று நான் கேட்கவில்லை.

"பத்து நிமிஷம் விளையாடுங்க, வாத்தியாரே."

விளையாடினேன். திரையில் தொண்ணூற்று மூன்று டிகிரி.

"முத்தின பாஸ்மோ. அடியில இருக்கிற ஓட்டை வழியாத்தான் குளிர் ஏறுது."

ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். அடி ஓட்டையில் ஒரு சிவப்புத் துணிப்பையைச் செருகினார். குளிர்ச்சிப் பை, உள்ளே மூலிகையாம். அரை மணி நேரம் கண்மூடி முணுமுணுத்தார். பிறகு திரையைக் காட்டினார். நாற்பத்தெட்டு.

எண்பதாயிரம் பெசோ கொடுத்தேன். கையை முத்தமிட்டேன். வாசலில் அரெப்பா என்னும் சோள அடை சுடும் எடில்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பூரித்தேன்.

வீட்டில் பெட்டி பதினோராவது நிமிடத்திலேயே அணைந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மறுபடி வரிசை.

"நம்பிக்கை பத்தல," என்றார் டோன் லிசிமாகோ, எல்லோர் முன்னிலும். "படிச்சவங்களுக்கு இது சகஜம். ரெண்டாவது பை போட்டுடலாம்."

நான் பர்ஸைத் திறந்தேன்.

"வாத்தியாரே," என்றாள் எடில்மா, அடுப்பு விசிறுவதை நிறுத்தாமல். "அந்தப் பையை என் கரியடுப்போட கீழ்வாயில வெச்சா என்ன ஆகும்?"

"காத்து உள்ள போகாது."

"பெட்டிக்குள்ள மட்டும் போயிடுமா?"

நான் இயற்பியலை நினைவுபடுத்திக்கொள்ள முயன்றேன். அவள் அவரிடம் திரும்பினாள்.

"டோன், ஆட்டத்தை நிறுத்திட்டுத்தானே அரை மணி மந்திரிக்கிறீங்க? அடுப்புலேர்ந்து இறக்கி அரை மணி வெச்சா என் அரெப்பாவும்தான் ஆறிடும். எண்பதாயிரம் ஒருத்தனும் தரமாட்டேங்கிறான். இன்னிக்கு ஆட்டம் ஓடும்போதே மந்திரிங்க."

"ஜெப நேரத்துல விளையாட்டா? ஆண்டவர் கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சா என் பேரைச் சொல்லிடுங்க."

கூட்டத்துக்குக் கோபத்தைவிட வேடிக்கை பிடிக்கும். திரையைத் தெருவுக்குத் தூக்கி வந்தார்கள். அவர் முணுமுணுத்தார், நான் விளையாடினேன். பதினோராவது நிமிடம், இருட்டு.

எடில்மா பையைப் பிடுங்கினாள். பெட்டி ஆறும்வரை இரண்டு அரெப்பா விற்றாள். பிறகு இரண்டு செங்கல்மேல் பழைய கம்பி வலையைப் போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தாள். அடி ஓட்டையருகே கை துடைக்கும் காகிதத்தைப் பிடித்தாள். அது மேலே போய் ஒட்டிக்கொண்டது.

"இதோ, மூச்சு இழுக்குது. விளையாடுங்க."

இருபது நிமிடம். நாற்பது. நடுத்தெரு வெயிலில் எழுபத்தொன்பதைத் தாண்டவில்லை.

"வீட்டுல எதுமேல வெச்சிருந்தீங்க?"

"மெத்தைத் துணிமேல. தரையோட குளிர் ஏறக் கூடாதுன்னு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் வாழ்நாளில் வாங்கிய மிகக் குறைந்த மதிப்பெண் அது.

யாரோ பையைக் கிழித்தார்கள். உள்ளே பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. டோன் லிசிமாகோவைத் தேடினோம். பின்வாசல் திறந்திருந்தது. நல்ல காற்றோட்டம்.

சனிக்கிழமை பெட்டி அணையவில்லை. தோற்றோம், என் ஆட்டம் அப்படி.

திங்கட்கிழமை எடில்மாவின் அடுப்படியில் வரிசை.

"அம்மா, அன்னிக்கு நீங்க தொட்ட காகிதத்துல எனக்கு ஒண்ணு," என்றார் ஒருவர்.

"தரேன். மொதல்ல உங்க தலைகிட்ட புடிச்சுப் பாருங்க. உள்ள ஏதாவது ஓடுதான்னு தெரியும்."

நான் பிடித்துப் பார்த்துவிட்டேன். காகிதம் அசையவில்லை. நீங்களும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.