எட்டு மணிக்கு எடுத்தாச்சு

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செல்போனில் வீடியோ பார்த்து ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அது தெரிவதற்கே எனக்கு முப்பது வயதாகிவிட்டது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. நான் பாபநாசம், கட்டிக்கொள்ளப்போகும் அகிலா வலங்கைமான். இரண்டு வீட்டுக்கும் இருந்த ஒரே பயம் என் அப்பாதான். இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருந்தார். தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இவரோ கட்டிலை விட்டு இறங்க மாட்டார். "நீ தாலி கட்டுறதப் பாப்பேனான்னு தெரியலடா" என்று வேளை தவறாமல் சொல்வார். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் ஒரு வருஷத்துக்கு வீட்டில் நல்ல காரியம் கிடையாது.

இந்த நேரம் பார்த்துத்தான் நான் சவரக்கத்தி வாங்கினேன். கூடவே கிண்ணத்தில் சோப்பு, கட்டையான பிரஷ், கத்தியைத் தீட்ட ஒரு தோல் வார். கூரைப்புடவையை அகிலா வீட்டில் கொடுத்து ரவிக்கை தைக்கச் சொல்லிவிட்டு வா என்று அம்மா அனுப்பிய காலையில், மாப்பிள்ளை முகம் பளபளவென்று இருக்க வேண்டாமா? (வீடியோவில் அந்த ஆள் பாட்டுப் பாடிக்கொண்டே வழித்தான், படுபாவி.)

பிரஷைச் சுழற்றிச் சுழற்றி மூக்கு வரை நுரை பூசினேன். கண்ணிலும் போனது. எரிச்சலில் கண்ணை மூடித் திறப்பதற்குள் கத்தி வழுக்கி, மீசையின் இடது ஓரத்தைக் காணோம். சமப்படுத்த வலதில் கொஞ்சம் எடுத்தேன். அது கூடிப்போக, மறுபடி இடதில். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் போட்டி போட்டு வரப்பை வெட்டுகிற கதையாக, கடைசியில் வரப்பே இல்லை. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும் என்றாள்.

மீசையில்லாத முகம், சோப்பில் சிவந்த கண், வெயிலுக்குத் தலையை மூடிக் கட்டிய வெள்ளைத் துண்டு. இந்தக் கோலத்தில் போய் அகிலா வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினேன். எங்கள் பக்கத்தில் ஒருவன் மீசையை எடுத்தால் அவன் அப்பா போய்விட்டார் என்று அர்த்தம். தலையையும் சேர்த்து மழிப்பார்கள். இது எனக்கு அப்போது ஞாபகமே வரவில்லை.

மாமனார் என்னைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"எப்ப எடுத்தீங்க மாப்ள?"

(பிணத்தையும் 'எடுப்பது'தான், மீசையையும் 'எடுப்பது'தான். நான் என்ன செய்ய?)

"காலையில எட்டு மணிக்கு மாமா."

"எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லி விடலியே."

"இதப் போயி எப்படி மாமா சொல்றது? எல்லாம் என் தப்புதான். கை தவறிப்போச்சு."

"அப்படிச் சொல்லாதீங்க. அம்மா எப்படி இருக்காங்க?"

"சிரிச்சுக்கிட்டே இருக்காங்க மாமா. மூணு வாரத்துல தானா வந்துடும்ங்குறாங்க."

மாமனார் என் தோளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். என் மீசை மேல் இவருக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது. உள்ளே மாமியார் ஓவென்று குரலெடுத்தார். யாரோ மண்டபத்துக்குப் போன் போட்டு, கல்யாணம் இல்லை என்று சொல்வது காதில் விழுந்தது. மீசை போனதற்கா கல்யாணத்தை நிறுத்துவார்கள்?

அகிலாதான் நேராக வந்து என் தலைத் துண்டை உருவினாள். முடி அப்படியே இருந்தது.

"உங்க அப்பா எங்க?"

"வீட்லதான். இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு."

மண்டபத்தைக் கெஞ்சிக் கூத்தாடித் திரும்பப் பிடித்தார்கள். ஆனால் அகிலாவின் பெரியப்பா அதற்குள் பத்துப் பேரோடும் நாலு மாலையோடும் வேனில் எங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார், போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு. நான் பைக்கில் விரட்டினேன்.

தெருவில் மாலையோடு வேன் வந்து நிற்பதைப் பார்த்து, கட்டிலை விட்டு இறங்காத என் அப்பா வாசலுக்கே வந்திருக்கிறார். "யாருங்க தவறிட்டாங்க?" என்று பெரியப்பாவிடமே விசாரித்திருக்கிறார். பாவம், பெரியப்பா மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா சிரித்த சிரிப்பில் அம்மா பயந்து அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். பத்துப் பேரையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். எனக்காக வேன் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்களடா என்று நாள் முழுக்க அதே பேச்சு. மறுநாள் காலை யாரும் சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு வாய்க்கால் வரை நடந்துவிட்டு வந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாண ஆல்பம் முழுக்க எனக்கு மீசை கிடையாது. அப்பா எல்லாப் படத்திலும் இருக்கிறார், சிலவற்றில் என்னை மறைத்துக்கொண்டு.

ஏழு வருஷம் ஆகிறது. மாமனார் போன் செய்தால் முதல் கேள்வி இன்றும் "மீசை இருக்குல்ல மாப்ள?" என்பதுதான். அப்பா நன்றாக இருக்கிறாரா என்று அர்த்தம். போன வாரம் அப்பாவே என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"இருக்கு சம்பந்தி," என்றார். "ரெண்டு பேருக்கும் இருக்கு."