டிரைவர் பிரித்த பங்கு

"எனக்கு அப்புறம் பேங்க்ல இருக்கிறது யாருக்கு, வீடு யாருக்குன்னு இப்பவே எழுதி வச்சிடலாம்னு இருக்கேன்" என்று சாப்பாட்டு நேரத்தில் டிரைவர் வாயைத் திறந்ததுதான் தப்பு. மெல்லுவதை நிறுத்தினான் மகன். பக்கத்துத் தெருவிலிருந்து வந்திருந்த மகள் தண்ணீரைக் கீழே வைத்தாள்.

"முதல்ல சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

ஆயுள் முழுக்க லாரி ஓட்டிய மனுஷன். போன மாதம்தான் வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்க வேண்டாமா?

"எங்கப்பா கடைக்காக நானும் உங்க சித்தப்பாவும் பேச்சை விட்டோம். எதிர்ல வந்தா அவன் செல்போனைப் பார்க்கிறான், நான் வானத்தைப் பார்க்கிறேன். நீங்க ரெண்டு பேரும் அப்படி ஆகிடக் கூடாது. அதான் என் பயம்."

"அதுக்கு?" என்றான் மகன்.

"வீடு உனக்கு. பேங்க் பணம் தங்கச்சிக்கு."

"நல்லா இருக்கே. நான் காலம் பூரா ஒழுகுற கூரையை அடைச்சுக்கிட்டுக் கிடக்கணும், அவ பணத்தை எண்ணிக்கிட்டு இருப்பாளா?"

"சரி, மாத்திடுவோம். வீடு அவளுக்கு."

"ஒழுகுதுன்னு அண்ணன் தள்ளிவிட்டது எனக்கா?" என்றாள் மகள். அதோடு விட்டாளா? சின்ன வயதில் அண்ணனுக்கு மட்டும் சைக்கிள் வாங்கிக் கொடுத்த கதையையும் இழுத்துப் போட்டாள்.

டிரைவருக்கு வியர்த்தது. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியைக்கூட ஓரங்கட்டியவர் அவர். இங்கே ஓரமே இல்லை.

"எல்லாத்தையும் வித்து ஆளுக்குப் பாதி. போதுமா?"

"அப்ப அம்மா எங்க இருப்பாங்க?" என்று மகன் கேட்டான். கேட்டவனே தங்கை பக்கம் திரும்பி அவசரமாகப் பதிலும் சொன்னான். "அம்மாவுக்கு உன் பொண்ணுன்னா உசுரு. உன்னோட இருக்கட்டும்."

"எங்க வீட்ல மாடிப்படி ஜாஸ்திண்ணே. அம்மாவுக்கு முட்டி தாங்காது."

அம்மா எதிரிலேயே துணி மடித்துக்கொண்டிருந்தாள். டிரைவருக்குச் சுருக்கென்றது.

"அப்படின்னா உங்கம்மாவுக்கும் ஒரு பங்கு எழுதுறேன். பங்கு மூணு."

அவ்வளவுதான், இதுவரை கீரியும் பாம்புமாக நின்றவர்கள் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள்.

"அம்மாவுக்கு எதுக்குப்பா தனியா?" என்றாள் மகள். "நாங்க பார்த்துக்க மாட்டோமா?"

"மாசம் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துடுறோம்பா. அம்மா கேட்டா இல்லைன்னா சொல்லப்போறோம்?" என்றான் மகன்.

அண்ணனும் தங்கையும் ஒன்றாகத் தலையாட்டியதைப் பார்த்து டிரைவருக்கு மனசு குளிர்ந்துபோனது. சண்டை தீர்ந்தது, அதுதானே அவருக்கு வேண்டும்.

"ஆளுக்குப் பாதி. நாளைக்கே எழுதிடலாம். என்ன சொல்றே?" என்று மனைவியைப் பார்த்தார்.

"நான் என்ன சொல்றது? பேங்க்ல போய்க் கேளுங்க" என்றாள் அவள், அடுத்த சட்டையை எடுத்தபடி. "நானும் வர்றேன். உங்களுக்கு வழி தெரியாது."

உண்மைதான். ஊர் ஊராகச் சுற்றியவர் அந்த பேங்க் வாசலை மிதித்ததே இல்லை. வண்டியை விட்டு இறங்கியதும் பணத்தை மனைவி கையில் திணித்துவிட்டுப் படுத்தால், எழுந்து அடுத்த லோடுக்குப் போய்விடுவார்.

மறுநாள் பிள்ளைகளும் பேங்குக்குக் கூடவே வந்தார்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் டிரைவர் அடையாள அட்டையைக் கம்பீரமாக நீட்டினார். "எனக்கு அப்புறம் என் பிள்ளைங்களுக்கு ஆளுக்குப் பாதி. எழுதிக்கம்மா."

அவள் கம்ப்யூட்டரைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"உங்க பேர்ல இங்க கணக்கே இல்லையே ஐயா."

"இல்லையா? வீடு கட்ட லோன் கொடுத்ததே இந்த பேங்க்தானேம்மா. இதோ, என் சம்சாரம்தான் வந்து கட்டினா" என்று பின்னால் கையைக் காட்டினார்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, அம்மாவா? சொல்லலாமாம்மா?"

மனைவி தலையை அசைத்தாள். பிள்ளைகள் இருவரும் கவுன்ட்டரை நெருங்கி நின்றார்கள்.

"வீடு, பணம் எல்லாமே அம்மா பேர்லதான் ஐயா இருக்கு. அவங்களுக்கு அப்புறம் யாருக்குன்னும் எப்பவோ எழுதிட்டாங்க. பிள்ளைங்க பேரையும் சேர்க்கலாமேன்னு நான்தான் கேட்டேன், 'வேணாம்மா, மொத்தமும் அவருக்கே போகட்டும், அந்த மனுஷன் யார் கையையும் எதிர்பார்த்து நிக்கக் கூடாது'ன்னுட்டாங்க."