சம்பந்தியின் பொலிகாளை

ஒரகடத்தைச் சுற்றி மாடு வைத்திருந்த அத்தனை வீட்டுக்கும் சம்பந்தியாக இருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரிடம் துரை என்றொரு பொலிகாளை இருந்தது. பசு இருக்கும் வீடெல்லாம் துரைக்குப் பெண் வீடு. ஆகவே அந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவருக்குச் சம்பந்தி. ஊரும் அவரை அப்படியே கூப்பிட்டது. சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அப்போது வடக்குப்பட்டில், மல்லிகா அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்தால், சம்பந்தி வருகிற நாளில் தூங்க முடியாது. துரைக்குச் சந்தனம் இட்டு, கொம்பில் பூச்சுற்றி, மாப்பிள்ளை அழைப்பு போலக் கூட்டிவருவார்.

"பொண்ணு ரெடியா சம்பந்தி? எங்க பையன் வெக்கப்படுறான், யாரும் பாக்காதீங்க."

துரைக்கு வெட்கம் என்பதே கிடையாது.

பிறகு பசுக்கள் சினை பிடிக்காமல் போக ஆரம்பித்தன. துரையை யாரும் சந்தேகிக்கவில்லை. பசுவைத்தான் மலடு என்றார்கள். ஒவ்வொன்றாக அடிமாட்டு வண்டியில் ஏறின. மல்லிகா அக்காவும் தன் செவலைப் பசுவை விற்கத் தரகரிடம் சொல்லிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

அதைக் கேள்விப்பட்ட சம்பந்தி, துரையைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மா விந்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தானும் பார்க்கவேண்டும் என்று சம்பந்தி அடம்பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணும் அசையலியேம்மா. தூங்கிகினு கீதா?"

"தூங்கல. செத்துக் கெடக்கு. மாடு எங்க தண்ணி குடிக்குது?"

கம்பெனிகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் என்றார். அதில் ஒருநாள் நீலத் தண்ணீர் வரும், ஒருநாள் வெறும் நுரை வரும்.

"ரசாயனக் கழிவு காளையோட விந்தைக் கெடுக்கும். இதுக்கும் அதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. தண்ணிய மாத்திப் பாருங்க. சரியாக மாசக்கணக்காகும். ஆகாமலும் போகலாம்."

மறுநாள் சம்பந்தி வீடு வீடாகப் போனார். "கொறை உங்க பொண்ணு மேல இல்ல சம்பந்தி. எங்க பையன் மேலதான். மாட்ட வித்துடாதீங்க." சிலர் சிரித்தார்கள். ஏற்கெனவே விற்றுவிட்டவர்கள் திட்டினார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். மல்லிகா அக்கா தரகரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்து, கால்வாயை ஒட்டியிருந்த ஒரு கம்பெனி கேட்டுக்குச் சம்பந்தி துரையோடு போனார். செக்யூரிட்டி, "விசிட்டர் பாஸ் கீதா?" என்றான்.

"எனக்கு வேணாம். இவனுக்குக் குடு. கஷ்டம் இவனுக்குத்தான்."

துரை கேட்டருகே சாணி போட்டதோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

அதன்பின் துரைக்குக் கேன் தண்ணீர்தான். சம்பந்தி வீட்டில் மற்றவர்கள் போர்வெல் தண்ணீர் குடித்தார்கள். மழைக்காலம் போய் வெயில் வந்தபோது மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்த முறை மைக்ராஸ்கோப்பில் பார்க்க அவர் கேட்கவில்லை. டாக்டரம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தார். டாக்டரம்மா இல்லையென்று தலையசைத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் துரையின் திமிலில் கை வைத்தபடியே நடந்தார்.

விற்கச் சொன்னவர்களிடம், "வூட்ல ஒருத்தனுக்கு ஒடம்பு சரியில்லன்னா வித்துடுவியா?" என்று கேட்டார். பூச்சுற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

வேறொரு காளையின் விந்தை டாக்டரம்மா ஊசியாகப் போட, செவலை சினை பிடித்தது. கிடாரிக் கன்று பிறந்த அன்று சம்பந்தி வாசலில் நின்றார். சலவை வேட்டி, கையில் வாழைப்பழச் சீப்பு, சின்னதாக ஒரு கழுத்துமணி.

மல்லிகா அக்கா தயங்கி, "இது துரையோடது இல்லியே, சம்பந்தி" என்றார்.

"அதனால இன்னாமா. பேத்தி பொறந்துகீறா, பாக்க வராம இருப்பாங்களா?"

கன்றின் கழுத்தில் மணியைக் கட்டி, ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அன்று அவரை விடவில்லை. இலை போட்டு உட்காரவைத்தோம். பாயசம் நான்தான் ஊற்றினேன். போதும் போதும் என்று கையை நீட்டி மறித்தார். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.