தப்பு செய்யச் சொல்லாதவர்

நம் வேலையிடங்களில் உலவும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்: யாரையும் தப்பு செய்யச் சொல்லாத, ஆனால் தனக்குக் கீழே எல்லாத் தப்பும் நடக்கிற, நல்ல மேலாளர். அவர் கோபப்பட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், தீபாவளிக்கு ஆளுக்கொரு பெட்டி மைசூர்பாகைத் தன் கையாலேயே கொடுப்பார், சிக்கலான கேள்வி வந்தால் மட்டும் செல்போனைத் தடவிக்கொண்டே "பாத்துச் செஞ்சிருங்க" என்பார். தேடி அலைய வேண்டாம். நான்தான் அது.

நாமக்கல்லில் லாரி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் மேலாளர் உத்தியோகம். லாரி உரிமையாளர் ஜெகதீஸ்வரன் அன்று மூன்றாவது தடவையாகப் போன் செய்து, மதியமே லோடு ஏற்ற வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி காளிதாஸ் வந்து நின்றார்.

"பின்னாடி பிரேக் டிரம்முல விரிசல் உட்ருக்குதுங்க. புதுசு நாளைக்குத்தான் வரும். வண்டிய நிறுத்தி வெச்சிரலாமுங்களா?"

நிறுத்து என்றால் ஜெகதீஸ்வரன் மனம் வருந்துவார். அனுப்பு என்றால் பழி என் தலையில். நம்மிடம் வார்த்தைக்கா பஞ்சம்?

"பாத்துச் செஞ்சிருங்க, காளிதாஸு."

பல வருடம் என்னோடு இருந்தவர். அதன் பொருள் அவருக்குத் தெரியும். வண்டி கிளம்பியது.

ஓமலூர் தாண்டியதும் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே பள்ளிக்கூட வேன். டிரைவர் சென்றாயன் லாரியை ஒடித்துப் புளியமரத்தில் மோதினார். பிள்ளைகள் தப்பித்தார்கள். அவருடைய வலது கால் நொறுங்கிப் போனது.

பட்டறை முதலாளி விசாரித்தார். "அனுப்பச் சொன்னது யாரு?"

"நான் சொல்லலீங்க" என்றேன். எவ்வளவு சுத்தமான உண்மை, பாருங்கள். காளிதாஸ் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வேலை போயிற்று.

உதிரிபாகப் பிரிவில் இருக்கும் அபிநயா மட்டும் என் அறைக்கு வந்தாள்.

"நிறுத்தச் சொன்னீங்களா சார்?"

மூன்று நாள் அவள் கண்ணில் படாமல் சுற்றினேன். நான்காம் நாள் முதலாளியிடம் போனேன். மழை, மக்காச்சோள விலை என்று அரைமணி நேரம் சுற்றிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். என் பதவியைக் குறைத்தார்; காளிதாஸைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

"வேண்டாமுங்க" என்றார் காளிதாஸ், காபி கொடுத்துவிட்டு. "திட்டற ஆளா இருந்தா முடியாதுன்னு எதுத்துச் சொல்லிப் போடலாமுங்க. உங்ககிட்ட எதைன்னு எதுத்துப் பேசறதுங்க?"

அவர் இப்போது வேறு பட்டறையில் இருக்கிறார். சென்றாயன் ஊன்றுகோலோடு நடக்கிறார்.

இதைப் படிக்கும்போது உங்கள் மேலாளரின் முகம் நினைவுக்கு வந்து சிரித்திருப்பீர்கள். நானும் என் பழைய மேலாளரை நினைத்து அப்படித்தான் வெகுகாலம் சிரித்துக்கொண்டிருந்தேன்.